அமைச்சரை அளந்த கயிறு

எங்கள் ஊர் புரேஷ்டியில் புதுப் பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் போட்ட அன்று, ஏழு வயது இலிங்காவின் நிழலைத் தவறுதலாகக் கான்கிரீட்டுக்குள் போட்டு மூடிவிட்டார்கள். போட நினைத்தது கல்வி அமைச்சர் சபின் மொரோஷானின் நிழலை. கொத்தனார் கவ்ரில் கெட்ட ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு கட்டடம் நிலைத்து நிற்க வேண்டுமானால் யாராவது ஒருவரின் நிழலைக் கயிற்றால் அளந்து, அந்தக் கயிற்றை அஸ்திவாரத்தில் வைத்துக் கட்ட வேண்டும். கட்டடத்துக்குக் கூரை ஏறும் நாளில் அளக்கப்பட்டவர் செத்துப்போவார். பிறகு கட்டடத்தைத் தாங்கிக்கொண்டு அதற்குள்ளேயே இருப்பார். மனிதரை அளக்க யாருக்கு மனம் வரும்? அதனால் இப்போதெல்லாம் சேவல், கிழட்டு நாய் என்று எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். சேவலை வைத்துக் கட்டிய தபால் நிலையம் போன வருடம்வரை விடியற்காலையில் கூவிக்கொண்டிருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் சேவல் போதுமா என்று ஊரில் பேச்சு கிளம்பியது. படித்தவர் நிழல் வேண்டும் என்றார்கள்.

"அமைச்சரே வர்றாருல்ல, அதுவும் டாக்டர் பட்டம் வாங்கின பேராசிரியர்," என்றார் கவ்ரில். "நம்ம நாட்டுல கல்வி அமைச்சர்னா ஆறு மாசந்தான் கணக்கு. கூரை ஏறுறதுக்குள்ள அவரே போயிடுவாரு. போகப்போற ஆளை அளந்தா யாருக்கு என்ன நஷ்டம்?" பதவி போவதும் உயிர் போவதும் ஒன்றல்ல என்று அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சாராயக் கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

மே மாத வெயிலில் அமைச்சர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, புதுப் பள்ளியில் கழிப்பறை உள்ளேயே இருக்கும், இனிப் பிள்ளைகள் பனியில் கொல்லைக்கு ஓட வேண்டாம் என்று பேசினார். பூவேலைச் சட்டை போட்ட இலிங்கா, விருந்தாளியை வரவேற்கும் எங்கள் வழக்கப்படி, ரொட்டியும் உப்பும் நீட்டினாள். அவர் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டுத் தின்றார். படம் எடுக்க வந்தவர்கள் நகராதே என்றார்கள். கண்ணில் வெயில் அடித்ததால் பிள்ளை இரண்டடி தள்ளி அமைச்சரின் நிழலுக்குள் ஒதுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்துக் கவ்ரில் பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து, நிழலின் குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை கயிறு பிடித்து, அறுத்துக் குழிக்குள் போட்டார். லாரி கான்கிரீட்டைக் கொட்டியது. கூட்டம் கலைந்தபோது அமைச்சரின் நிழல் இடது கையை மட்டும் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே காரில் ஏறிக்கொண்டது. இலிங்காவுக்கு நிழல் இல்லை. பெரிய மீன் வலையைக் கிழித்துக்கொண்டு போவதும் சின்ன மீன் சிக்குவதும் உலகத்தில் புதிதா என்ன. கவ்ரில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இலிங்காவின் அம்மா தொய்னா இத்தாலியில் முதியவர்களுக்குப் பணிவிடை செய்யும் வேலையில் இருந்தாள். சேதி கேட்டதும் பஸ் பிடித்து வந்து, பிள்ளையை விளக்கு முன்னால் நிறுத்தி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பின்னாலிருந்த சுவரில் ஒன்றும் விழவில்லை. சுவர் உயர உயரப் பிள்ளை வெளுத்துக்கொண்டே வந்தது. தலை சீவினால் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்தது. கொத்தனார்கள் ஆணி அடித்தால் அது வீட்டிலிருந்தபடியே முழங்கையைத் தடவியது. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். பாதிரியார் தண்ணீர் தெளித்துவிட்டு, தன் நிழலைக் கவனமாக அங்கிக்குள் இழுத்துக்கொண்டு கிளம்பினார். சுவரை இடித்தால் உள்ளே இருப்பது உடைந்துவிடும். வேலையை அப்படியே நிறுத்தலாம் என்று பார்த்தால், கூரையில்லாத சுவரில் மழை இறங்கிய அன்றே பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கூரை போட்டாலும் சாவு, போடாவிட்டாலும் சாவு. ஒரு செங்கல்லை வைக்க அரை நாள் எடுத்துக்கொண்டார்கள் கவ்ரிலின் ஆட்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எனக்கும் பயந்தான், என் பிள்ளைகளை நான் வெயிலில் விடவில்லை.

இனி அந்த அமைச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபின் மொரோஷான் பயத்திலேயே வளர்ந்தவர். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் யார் போட்டுக்கொடுப்பார்களோ என்று பயந்து, கூட்டங்களில் எல்லோரையும்விட முந்திக் கை தட்டினார். யாஷ் பல்கலைக்கழகத்தில் உதவியாளராக இருந்த வயதில் எங்கள் ஊருக்கு வந்து, கொத்தனார்களுக்குப் பிளம் சாராயம் வாங்கிக்கொடுத்து, நிழல் அளக்கும் வழக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்தார். பட்டத்துக்கான தேர்வில் ஒரு கிழட்டுப் பேராசிரியர், "சரி, மாட்டிக்கொண்டவர் மீள வழியுண்டா?" என்று கேட்டுவிட்டார். அப்படி ஒரு வழியை எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. பட்டம் கைநழுவிவிடுமோ என்று பயந்து சபின், "உண்டு. இன்னொருவர் மனமார வந்து அதே சுவரில் தன் நிழலைக் கொடுத்தால் முதலாமவர் வெளியே வருவார்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். பட்டம் கிடைத்தது. அந்த வரி புத்தகமானது, வானொலியில் வந்தது, எங்கள் ஊருக்கே திரும்பி வந்து பழைய வழக்கமாகவும் ஆகிவிட்டது. ஆட்சி மாறியது. அவர் பயந்து பயந்தே துறைத்தலைவர், துணைவேந்தர், செனட்டர் என்று ஏறிப்போனார். ஒவ்வொரு படியிலும் அந்த ஒரு வரியை யாராவது கேட்டுவிடுவார்களோ என்று காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை.

கேட்டவள் தொய்னாதான். அவளும் கவ்ரிலும் வால்நட்டும் ஒரு புட்டி சாராயமும் எடுத்துக்கொண்டு தலைநகர் புக்காரெஸ்டுக்கு ரயில் ஏறினார்கள். அமைச்சகத்தில் வால்நட்டைக் கதவுக்காரர் வாங்கிக்கொண்டார், சாராயத்தைச் செயலாளர் வாங்கிக்கொண்டார், அதற்குப் பிறகுதான் அமைச்சரைப் பார்க்க முடிந்தது.

"ஐயா, உங்க புஸ்தகத்துல வழி போட்டிருக்கே," என்றாள் தொய்னா. "எந்த ஊர்ல அப்படி நடந்துச்சு? எப்படிச் செய்யணும்? அதை மட்டும் சொல்லுங்க. நானே போய் நிக்கிறேன்."

அமைச்சர் எழுந்து கதவைச் சாத்தினார். "நிக்காதேம்மா," என்றார். "எந்த ஊர்லயும் நடக்கல. அது நானா கட்டி விட்டது. நீ போய் நின்னா ரெண்டு உயிரும் போகும்."

கவ்ரில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னார். "அவ நின்னாலும் ஆகாதுங்க. குழிக்குள்ள கெடக்கற கயிறு உங்க அளவு. பாப்பா அதுல சும்மா சிக்கிக்கிச்சு. பொருந்தற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"நான் பொய்ங்கறேன், நீ என்னய்யா அளவு பேசற?"

"எல்லா வழக்கமும் எவனோ ஒருத்தன் கட்டினதுதானே ஐயா."

"பொய்யோ நெசமோ, கட்டினது நீங்க," என்றாள் தொய்னா. "நீங்க வந்து நின்னா அது நெசமாகட்டும். எம் புள்ள வெயிலுக்குன்னு உங்ககிட்டதான ஒதுங்குச்சு?"

பார்க்கலாம் என்றார் அமைச்சர். பார்க்கலாம் என்றால் எங்கள் நாட்டிலும் முடியாது என்றுதான் பொருள். வரும் வழியெல்லாம் தொய்னா ரயில் ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்தாள் என்று கவ்ரில் சொன்னார்.

அதன் பிறகு அமைச்சர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ஒத்திலியா பின்னால் எங்களிடம் சொன்னாள். தொலைக்காட்சியில் பேட்டி கொடுக்கும்போது, பின்னால் விழுந்த நிழலில் இடது கை இல்லாததை நாடே பார்த்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதையும் ஊழல் என்றார்கள். செப்டம்பரில் மழை சேர்ந்துகொண்டது. இலிங்கா இருமினால் தலையணையில் சிமெண்டுத் துகள் விழுந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று, மழை விட்ட ஒரு பிற்பகலில் கவ்ரில் உத்தரத்தை மேலே ஏற்றினார். ஒரே ஒரு கட்டை பாக்கி. அப்போது ரயிலடிப் பக்கமிருந்து ஒருவர் சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்து வந்தார். காரும் இல்லை, காவலும் இல்லை. அமைச்சரைத் தனியாகப் பார்த்ததும் எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குய்யா," என்றார் கவ்ரிலிடம்.

"இருக்கத்தான் செய்யும் ஐயா. அசையாம நில்லுங்க, நான் சட்டுனு முடிச்சிடறேன்."

அவரால் அசையாமல் நிற்க முடியவில்லை. சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றார். கால் உதற உதற நிழலும் உதறியது, கயிறு பிடிபடவில்லை. யாரும் போய்த் தாங்கிப் பிடிக்கவும் முடியாது, பிடித்தவர் நிழலும் சேர்ந்துவிடும். போர்வைக்குள் சுருண்டிருந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தொய்னா அவரையே பார்த்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். நிழல் அளக்கும் வழக்கம் எந்தெந்த மாவட்டங்களில் உண்டு, என்ன கயிறு, யார் அளப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்லக் கால் நின்றது. "இந்த இடத்தில் ஆய்வாளர் பொய் சொல்லியிருக்கிறார்," என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "மனமார ஒருவர் வந்தால் என்று எழுதியிருக்கிறார். அப்படி யாரும் அதுவரை வந்ததில்லை." கவ்ரில் கயிற்றை அறுத்துக் கிழக்குச் சுவரில் விட்டிருந்த பொந்துக்குள் வைத்துப் பூசினார்.

அதே கிழக்குச் சுவரிலிருந்து ஈரத் துணி ஒன்று நழுவுவதுபோல இலிங்காவின் நிழல் இறங்கி, செங்கல் குவியலைச் சுற்றிக்கொண்டு வந்து, பிள்ளையின் காலடியில் படுத்தது. பிள்ளை பசிக்கிறது என்றது. தொய்னா கத்தி அழுதாள். நாங்களும் அழுதோம், வெட்கமென்ன. அமைச்சரை மூட்டை மேல் உட்காரவைத்துச் சாராயம் கொடுத்தார்கள். பாதி குடித்திருப்பார். மேலே கடைசிக் கட்டையை அறைந்தார்கள். கோப்பை அவர் கையிலேயே இருந்தது.

மாரடைப்பு என்று அரசு அறிவித்தது. யாரோ ஒரு நிருபர் அந்தப் பிற்பகல் பேச்சைக் கேள்விப்பட்டு எழுத, கட்டுக்கதையை ஆராய்ச்சி என்று கொடுத்ததற்காகப் பல்கலைக்கழகம் இறந்தவரின் டாக்டர் பட்டத்தைப் பறித்தது. பட்டம் போன நிழல் பள்ளிக்கூடத்தைத் தாங்குமா என்று சிலருக்குக் கவலை. வேறொரு அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டினார். அவர் பேசி முடிக்கும்வரை கிழக்குச் சுவர் நடுங்கிக்கொண்டே இருந்ததைப் பிள்ளைகள் மட்டும் கவனித்தார்கள். ஒத்திலியா வருடத்துக்கு ஒருமுறை யாஷிலிருந்து வந்து, நினைவுநாள் கோதுமைப் பாயசத்தை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். குளிர்காலத்தில் அந்தச் சுவர் மட்டும் சூடாக இருக்கும். பிள்ளைகள் நனைந்த கையுறைகளை அதில்தான் ஒட்டவைத்துக் காயவைப்பார்கள்.

எங்கள் பகுதியில் நிலம் நடுங்குவது புதிதல்ல, ஆனால் போன வருடம் வந்தது பெரிது. தேவாலயத்தின் கோபுரம் விழுந்தது. தபால் நிலையம் இரண்டு தடவை கூவிவிட்டுச் சரிந்தது. பள்ளியில் அப்போது கணக்கு வகுப்பு. பிள்ளைகள் மேசைக்கடியில் நுழைந்துகொண்டார்கள். ஓடி வந்த நாங்கள் வாசலில் நின்று கேட்டோம். சுவருக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், பல் தந்தியடித்தபடி, பயத்தில் உடைந்து உடைந்து, "பயப்படாதீங்க, பயப்படாதீங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு ஓடுகூட விழவில்லை. ஆட்டம் நின்ற பிறகும் குரல் நிற்கவில்லை. எட்டாம் வகுப்பில் இருந்த இலிங்கா மேசைக்கடியிலிருந்து எழுந்துபோய், கிழக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"முடிஞ்சிடுச்சுங்க சார்," என்றாள். "எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்."

சுவர் ஒரு பெருமூச்சு விட்டு அமைதியானது. டீச்சர் கரும்பலகையில் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்ந்தாள்.