மாரியாயியின் எழுத்து

"மாத்துங்க தம்பி" என்றாள் லோகேஸ்வரி, அம்மாவின் பெயரைக் குகன் கணினியில் தட்டி முடிப்பதற்குள்.

மலேசியாவின் கிள்ளானில் இருந்த அந்தப் பேனர் கடையை அவன் அன்று அவளுக்காகவே எட்டு மணிக்குத் திறந்திருந்தான். விடியற்காலையில் அவள் அம்மா போய்விட்டாள். மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். திரையில் கறுப்புப் பட்டைக்குள் 'மாரியாயி காலமானார்' என்று நின்றது. எழுத்தா அது! தடித்து, இறுகி, ஒவ்வொரு வளைவின் நுனியிலும் ஒரு சொட்டுக் கண்ணீரோடு தொங்கியது.

"சாவு வீட்டுக்கு எல்லாரும் இதான்க்கா போடுவாங்க."

"எங்கப்பாவுக்கும் இதத்தான் போட்டோம்."

அப்பா இறந்த அன்று அம்மா அந்தப் பேனரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த எழுத்து வரவங்கள மொறைக்குதுடி. உங்கப்பா யாரயாச்சும் மொறைச்சிருக்காரா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் அழைப்பிதழைக் கையில் வாங்கியதுமே இது கல்யாணம், இது காதுகுத்து, இது கருமாதி என்று சொல்லிவிடுவாள். படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்து, லோகேஸ்வரி ஒருமுறை படங்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு காட்டினாள். அப்போதும் தப்பவில்லை. "எழுத்துக்கு மூஞ்சி இருக்குல்ல" என்றாள் அம்மா, அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

குகன் வேறு எழுத்துகளை எடுத்துப் போட்டான். கொடி சுற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டு மிடுக்கோடு ஒன்று. கொம்பு முளைத்த ஒன்று, தலைவர்களின் பிறந்தநாளுக்கு. மெலிந்து ஒருபக்கமாகச் சாய்ந்த ஒன்று. அம்மா யார்மேலும் சாய்ந்தவள் இல்லை.

"அவங்க கடை பேனருக்குப் போட்ட எழுத்து இருக்கா?"

பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் புட்டுமாயம், அதாவது இடியாப்பம், விற்றவள் அம்மா. ஒன்பது வருடத்துக்கு முன்பு இதே கடையில் உட்கார்ந்து, திரையை விரலால் குத்தி, "இது சிரிக்குது, இதப் போடு" என்றாள். குண்டுகுண்டான எழுத்து, ஒன்று மேலே ஏறி, ஒன்று கீழே இறங்கி, நின்ற இடத்தில் நிற்காத எழுத்து. குகன் அதைத் தேடி எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது பர்த்டேக்குப் போடுறது லா. திட்டுவாங்க."

"என்னத்தான திட்டுவாங்க? அடிங்க."

அடித்த பேனரைப் படம் எடுத்து அண்ணன் ராஜனுக்கு அனுப்பினாள். அடுத்த நிமிடமே போன் வந்தது.

"பைத்தியமா ஒனக்கு? என் ஆபீஸ் ஆளுங்கள்லாம் வராங்க. இது சாவு வீடா, பாலர் பள்ளியா? பிளாக் அண்ட் ஒயிட்ல சிம்பளா போடு."

நாற்பத்திரண்டு வயதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை அவள்.

"முடியாதுண்ணே. அம்மாவ அழுமூஞ்சி எழுத்துல அனுப்ப மாட்டேன்."

போனை வைத்தபோது பயமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

பதினொரு மணிக்கெல்லாம் பேனரை வீட்டு வரிசையின் முனையில், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே, தெருவின் குறுக்கே கட்டியாகிவிட்டது. வந்த சொந்தக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். ராஜன் அவள் பக்கமே திரும்பவில்லை. அம்மாவை நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கிவிட்டோமோ என்று ஒரு மணிவாக்கில் லோகேஸ்வரிக்கே தோன்றியது.

அப்போதுதான் அந்த மோட்டார் சைக்கிள் வந்து பேனருக்கு நேர்கீழே நின்றது. ஆ செங், அம்மாவின் கடைக்குப் பக்கத்தில் தவ்ஹு என்கிற சோயாக்கட்டி விற்கும் சீனர். செய்தி தெரியும், வீடு தெரியாது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள் நிறைந்த அந்தத் தாமான் குடியிருப்பில் மூன்று தெருக்கள் சுற்றியிருக்கிறார். ராஜன் எதிரே போனதும் பேனரைக் காட்டி மலாயில் சொன்னார்.

"உங்க எழுத்து எனக்குத் தெரியாது. ஆனா இது மாரி."

நடுத்தெருவிலேயே அந்த எழுத்தைப் பார்த்து மூன்று முறை குனிந்து வணங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதைப் படம் எடுத்து வியாபாரிகளின் வாட்சாப் குழுவில் போட்டார்.

இரண்டு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. குச்சியில் இறைச்சி கோத்துச் சாத்தே சுடும் மலாய்க்காரர் தன் லோரியிலேயே மனைவியோடு வந்தார். பழக்கடைக்காரர்கள், துணிக்கடைக்காரர்கள், மீ கோரேங் நூடுல்ஸ் போடுகிறவர்கள் வந்தார்கள். முகத்தை இறுக்கிக்கொண்டு வந்தவர்கள் பேனரைப் பார்த்ததும் முகம் தளர்ந்து, ஆளுக்கொரு மாரியாயி கதையோடு உள்ளே நுழைந்தார்கள். ராஜனின் ஆபீஸ் ஆட்கள் உட்கார நாற்காலி இல்லாமல் ஓரமாக நின்றார்கள். லோகேஸ்வரிக்கு அழுகை வந்தது. கூடவே, ஜெயித்துவிட்ட திமிரும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை.

மூன்று மணிக்குச் சவ ஊர்திக்காரர் வந்து தலையை நீட்டினார்.

"பாஸ், பேனர அவுத்துடுங்க. வண்டி உள்ள வராது."

ராஜன் அண்ணாந்தான். அன்று அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தான்.

"வண்டி வெளியிலயே நிக்கட்டும்ண்ணே. நாங்க தூக்கிட்டு வரோம்" என்றான் ஊர்திக்காரரிடம்.

தோள்களில் அம்மா வந்தாள். ஆ செங்கும் சாத்தேக்காரரும் ஓடிப்போய், தெருமுனைக்கு வெளியே நின்ற லோரியிலிருந்து கடைக்குடைக் கம்புகளை இறக்கி, பேனரின் அடி ஓரத்தை ஆளுக்கொரு பக்கம் உயர்த்திப் பிடித்தார்கள். அதனடியில் நடந்த யாருக்கும் குனிய வேண்டியிருக்கவில்லை.