ஆறு மணித் தடம்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி நடத்தும் காட்டு ஓட்டத்துக்கு ரேஞ்சரிடம் கையெழுத்து வாங்குவது இந்துமதியின் வேலை. டீ சர்ட்டில் இடமும் தேதியும் அச்சாகிவிட்டன. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரும் ஓட வருகிறார். அனுமதி என்று ஒன்று வேண்டும் என்பது முதலாளி லிங்கசாமிக்கு அதற்கப்புறம்தான் உறைத்தது.

ரேஞ்சர் அனுசுயா தெற்கத்திக்காரர். விண்ணப்பத்தைப் படித்தார்.

"காலைல ஆறு மணிக்கா? அந்நேரம் அந்தத் தடத்துல வேற ஆளுக ஓடுறாகளே."

"எந்தக் கம்பெனிங்க மேடம்? மங்கலத்துக்காரங்களா?"

"நாளைக்கு வெள்ளென வாங்க. நேர்லயே பாத்துக்கிடலாம்."

மறுநாள் ஜீப்பை விட்டிறங்கி நடந்தார்கள். புதருக்கு அப்பால் ஒரு விசில். எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று.

"ஓடிப் பழகறாங்க பாருங்க. அவங்களுக்கு மட்டும் எப்படிங்க குடுத்தீங்க?" இந்துமதி எட்டிப் பார்த்தாள்.

அனுசுயா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

தடத்துக்குச் செந்நாய் ஒன்று வந்து நின்றது. அதுதான் விசிலடித்தது. பாறை இடுக்கிலிருந்து குட்டிகள் ஓடிவந்தன. நாய் விசிலடிக்குமா? இந்துமதி மறுபடி கேட்கக் காத்திருந்தாள்.

இரண்டு குட்டிகள் ஒரு ஆரஞ்சுப் பட்டையை ஆளுக்கொரு முனை கவ்வி இழுத்தன. அது நீண்டுகொண்டே போனது. ஒன்று விட்டதும் மற்றது மல்லாந்தது.

"கிழியவே மாட்டேங்குது. என்ன துணி அது?"

"பனியன் கழுத்துக்கு வெக்கற காலர் ரிப்புங்க. லைக்ரா கலந்தது." வாய் முந்திவிட்டது.

ரேஞ்சர் திரும்பினார். "இங்க எப்படி வந்துச்சு?"

காற்றில் வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். குட்டி பட்டையை விழுங்கப் பார்த்தது. தாய் பிடுங்கிப் போட்டது.

"எங்காளுங்க ஓடற வழிக்கு அடையாளமாக் கட்டுனதுங்க. மரத்துக்கு மரம்."

"கேக்குறதுக்கு முந்தியே."

"ஆமாங்க."

"அதுக உள்ள போகட்டும். ஒண்ணு விடாம அவுத்துருங்க. குட்டிக இருக்குற வரைக்கும் இங்க யாருக்கும் அனுமதி கெடையாது."

அவிழ்த்து முடித்துச் செக்போஸ்ட்டுக்கு வந்ததும் லிங்கசாமி போனில் கூப்பிட்டார்.

"கையெழுத்து ஆச்சா கண்ணு?"

"இல்லீங்க. தடத்துல செந்நாய் குட்டி போட்டிருக்குதுங்க. நம்ம பட்டையைத் திங்கப் பாத்துச்சு. நாந்தான் நம்முளுதுன்னு சொல்லிப்போட்டேன்."

திட்டு வரும் என்று நின்றாள்.

"அது குரைக்குமா?"

"விசிலடிக்குதுங்க."

"அட, சும்மா இரு!"

"நெசமாத்தானுங்க."

"செரி, டீ சர்ட்டு போனாப் போகுது. வாய்க்கால் கரையில ஓடிக்கலாம். அதுக்கு யாருகிட்டக் கேக்கோணும்னு மொதல்ல விசாரி." குரலைத் தணித்து, "எப்படி அடிக்குது? நீ ஒருக்கா அடிச்சுக் காட்டு" என்றார்.

இந்துமதி சுற்றிலும் பார்த்துவிட்டு உதட்டைக் குவித்தாள்.