பள்ளிவாசலுக்கு முதுகு காட்டாத கார்

மடுல்சீமைத் தோட்டத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது தன் நாயை இன்னொரு துரையிடமும், தன் பழைய காரைப் பதுளைக் கடைவீதி அலவி முதலாளியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். நாய்க்கு நல்ல இடம் வாய்த்தது.

கார் வந்து சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், மாசி மாதத்தில். பத்து வருஷம் மலை ஏறி இறங்கி எலும்பும் தோலுமாகிப் போன வண்டி. ஆனால் முன்னால் இரண்டு பித்தளை விளக்குகள் இருந்தன. அலவி வாங்கியது அந்த விளக்குகளைத்தான், மற்றதெல்லாம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்பது அவர் மனைவி லரீபாவின் அபிப்பிராயம். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியாதா?

அவளுக்கு அந்தக் காரால் ஆக வேண்டியது ஒரே ஒரு காரியம். கொஸ்லந்தையில் அவளுடைய தங்கை ஸகீனா இருந்தாள். உம்மா கண்ணை மூடிய பிறகு லரீபா தூக்கி வளர்த்த பிள்ளை. இரண்டு பிரசவம் தவறிப்போய், மூன்றாவதாக இப்போது ஒன்பதாம் மாதம். "ராத்தா, இந்தத் தடவ நீங்க பக்கத்தில ஈந்தா எனக்குப் பயமில்ல" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து லரீபா மருந்துச் சரக்கைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கார் இல்லாத காலத்தில் அவள் வருஷத்துக்கு இரண்டு தடவை கூண்டு போட்ட மாட்டு வண்டியில் கொஸ்லந்தைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். கார் வந்ததும் அந்தப் போக்குவரத்து நின்றது.

"கார் வச்சீக்கிறவன்ட பொஞ்சாதி மாட்டு வண்டியில போறயா? கண்டவன் என்ன செல்லுவான்?" என்றார் அலவி.

சரி, காரிலேயே போகலாம் என்றால், கார் போக வேண்டுமே!

காரோடு கூடவே வந்தவன் அழகர். துரை பங்களாவில் கார் கழுவிக்கொண்டிருந்தவன். பங்களா முற்றத்தில் கொஞ்சம் ஓட்டியும் பழகியிருந்தான். அவன் தினமும் காலையில் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுற்றுவான். எஞ்சின் உறுமும். வீடே ஆடும். அலவியின் முகம் மலரும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்தான். பிறகு நெஞ்சுச் சளிக்காரனைப் போல இரண்டு இருமல் இருமிவிட்டு அடங்கிவிடும். அதற்குப் பிறகு தோள்பட்டை கழன்று விழும்வரை சுற்றினாலும் எழும்பாது. அதே காரை ஆறு பேர் சேர்ந்து மேலே பெருந்தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சுற்றினால் நல்ல பிள்ளையாக ஓடும். கடைவீதியை ஒரு வட்டம் அடித்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், மறுநாள் பழையபடி இருமல்.

"என்னண்டு தெரியாத வருத்தத்தோட நான் கொஸ்லந்தைக்கு வெளிக்கிட மாட்டன். நடுவழியில நிண்டா என்ட மானம் போயிடும்" என்று அலவி முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே நோய் என்னவென்று கண்டுபிடிக்கும் வரை பயணம் இல்லை. ஒன்பதாம் மாதம் மட்டும் யாருக்காகவும் காத்திருக்காமல் நடந்துகொண்டிருந்தது.

நோய் பார்க்க முதலில் வந்தவர் வீரசிங்கம். நமுனுகுலப் பக்கத் தோட்டமொன்றில் தேயிலை ஆலை எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவர். ஆலை எஞ்சின் ஒரு வீட்டளவு இருக்கும். இந்தக் காரைப் பார்த்ததும் அவருக்கு மரியாதையே வரவில்லை.

"இது எஞ்சினாங்க? எங்க ஆலையில இத்தனூண்டு சாமானை எண்ணெய் தொடைக்கத்தான் வச்சிருப்போம்" என்றார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிப் பாயில் பரப்பினார். எல்லாவற்றிலும் கரி என்றார். கரியைச் சுரண்டி, துடைத்து, திரும்பப் பூட்டினார். பூட்டி முடிந்தபோது பாயில் இரண்டு ஆணிகள் மிச்சம் இருந்தன. "இது ரெண்டும் தேவையில்லாதது. வெள்ளைக்காரன் எப்பவும் கூடுதலாத்தான் வைப்பான்" என்று சொல்லி, இரண்டு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் கார் அதே இடத்தில் அதே இருமலை இருமியது. கரி இல்லாத, சுத்தமான இருமல்.

அழகருக்கு வேறொரு கருத்து இருந்தது. பத்து வருஷமாக இங்கிலீஷ் மட்டுமே கேட்ட கார் அது. இப்போது தமிழில் ஏசினால் எப்படிக் கேட்கும்? "தொரை 'கமான், கமான்'னு ஒரு தட்டு தட்டுவாருங்க முதலாளி, ஓடிரும்" என்றான். பதுளை வியாபாரிகள் சங்கத்தில் மதிப்புள்ள அங்கத்தவரான அலவி முதலாளி, மூன்று நாள் காலையில் காரின் கன்னத்தில் தட்டி "கமான், கமான்" என்று கொஞ்சினார். கல்யாணமான புதிதில்கூட அவர் யாரையும் அப்படிக் கொஞ்சியதில்லை என்பது லரீபாவுக்குத் தெரியும்.

மிஞ்சியது கண்ணூறு. தெருவில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை என்றால் வேறென்ன? ஊரே பார்த்து வயிறெரிகிறது. வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹாஷிம் லெப்பையை வரவழைத்து ஓதிப் பார்க்க அலவி ஏற்பாடு செய்தார்.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் லரீபா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். அந்த முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலவியின் வீடு பெருந்தெருவுக்குக் கீழே சரிவில் இருந்தது. தெருவுக்கு அந்தப்பக்கம் மேட்டில் பள்ளிவாசல். தெருவிலிருந்து கேட்டைத் திறந்தால் முற்றம் வாசற்படி வரைக்கும் இறங்கிக்கொண்டே வரும். மழை பெய்தால் தெருத்தண்ணீர் முழுவதும் லரீபாவின் வாசலுக்குத்தான் விருந்து வரும். அந்தச் சரிவு அலவிக்குத் தெரியாது. அவர் முற்றத்தில் நடப்பவர், பெருக்குபவர் அல்லவே.

காரைப் பள்ளிவாசலுக்கு முதுகு காட்டி நிறுத்தக் கூடாது என்பது அலவி போட்ட சட்டம். ஆகவே தினமும் அதைப் பின்புறமாக உள்ளே இறக்கி, முகத்தைப் பள்ளிப் பக்கம் வைத்து நிறுத்துவார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்து வருகிறவர்களின் கண்ணில் பித்தளை விளக்குகள் நேராகப் படும் என்பது அந்தப் பக்தியோடு சேர்ந்துகொண்ட சிறு சௌகரியம்.

அழகர் முன்சீட்டைத் தூக்கிவிட்டு, கீழே இருந்த பெட்ரோல் தாங்கிக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்ரோல் அதிகம் ஊற்றி வைத்தால் வீடு பற்றிக்கொள்ளும் என்று அலவிக்குப் பயம். அதனால் எப்போதும் இரண்டு மூன்று போத்தல்தான் இருக்கும்.

"எங்கால அது எஞ்சினுக்குப் போற?" என்று லரீபா விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இந்தா, இந்தக் கொழா வழியாத்தாம்மா. பம்பு கிம்பு ஒண்ணும் கெடையாது. அதுபாட்டுக்குத் தானா ஓடும்."

"தானா ஓடுமா?"

"ஆமாங்கம்மா, தண்ணி மாதிரி."

லரீபா தாங்கியைப் பார்த்தாள். அது வாசற்படிப் பக்கம் இருந்தது. எஞ்சினைப் பார்த்தாள். அது தெருப்பக்கம், தாங்கியைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. தினமும் தன் வாசலுக்கு வந்து விழும் தண்ணீரை நினைத்துப் பார்த்தாள். அது ஒரு நாளாவது தெருவுக்குத் திரும்பி ஏறிப் போனதுண்டா?

"அழகர், மேட்டுக்கு எப்பிடி ஓடும்?"

அழகர் குச்சியைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், வானத்தையும் ஒருமுறை பார்த்தான். தெருவில் ஓடியபோது குழாயின் மறுமுனையில் மிச்சம் தங்கிய ஒரு மடக்கைக் குடித்துவிட்டு, அடுத்த மடக்கு வராமல் எஞ்சின் தினமும் செத்துக்கொண்டிருந்தது. நோய் காருக்கில்லை, அது நிற்கிற நிலைக்கு.

மத்தியானம் சாப்பாட்டின்போது லரீபா பக்குவமாகச் சொன்னாள். அலவி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"வீரசிங்கத்தார் இருபது வருஷம் எஞ்சினோட பொரள்ற மனுசன். அவருக்குத் தெரியாதது ஒனக்கு வெளக்குமாத்தில தெரிஞ்சிச்சா?"

"திருப்பி நிப்பாட்டித்தான் பாருங்களேன்."

"பள்ளிக்கு முதுகைக் காட்டியா? நான் உசிரோட ஈக்கிற வரைக்கும் நடக்காது."

லரீபாவுக்குக் கோபத்தில் கண் நிறைந்தது. அங்கே ஒரு பிள்ளை வழியைப் பார்த்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு தகரத்தின் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்களே! அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஆனால் அழுவதற்காகப் போகவில்லை. லெப்பைக்குத் தேநீரும் வட்டலப்பமும் தயார் செய்யத்தான் போனாள்.

அஸருக்குப் பிறகு ஹாஷிம் லெப்பை வந்தார். ஓதினார், ஊதினார். வட்டலப்பம் பாதி இறங்கிய நேரத்தில், கதவுக்குப் பின்னால் நின்றபடி லரீபா கேட்டாள்.

"லெப்பே, வாகனத்தப் பள்ளிக்கு முதுகு காட்டி நிப்பாட்டினா குத்தமா?"

லெப்பை சிரித்துவிட்டார். "வாகனத்துக்கு ஏது உம்மா தொழுகை? அது எந்தப் பக்கம் பாத்து நிண்டாலும் ஒண்டுதான்." பிறகு அலவியின் பக்கம் திரும்பி, "உங்களுக்குத்தான் கடமை ஈக்கி. நேத்து சுபஹுத் தொழுகைக்கு உங்களக் காணல்லயே?" என்றார்.

அலவிக்கு உடனே இருமல் வந்தது. கார் இருமுவதைப் போலவே இருந்தது.

லெப்பையின் கண் முன்னாலேயே காரைத் திருப்பினார்கள். இப்போது மூக்கு வாசற்படியைப் பார்த்தது. அழகர் சுற்றினான். எஞ்சின் உறுமியது. வெற்றிலை மடிக்கும் நேரம் போனது. தேநீர் ஆறும் நேரம் போனது. லெப்பை விடைபெற்றுப் போன பிறகும் அது உறுமிக்கொண்டே இருந்தது. கூடியிருந்தவர்களிடம் அலவி முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு, "நான் மொதல்ல இருந்தே சந்தேகப்பட்ட" என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். அலவி அல்பாக்கா கோட்டும் துருக்கித் தொப்பியும் போட்டுக்கொண்டு முன்னால் அழகருக்குப் பக்கத்தில், லரீபா பின்னால். அவள் மடியில் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு மூட்டை. ஹாலி எலை வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது. பண்டாரவளைக்கு ஏறும் பெரிய மேட்டில், பாதியில், கார் இரண்டு இருமல் இருமியது. பிறகு நின்றது.

அழகர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். தலையைச் சொறிந்தான். திடீரென்று அவன் முகம் தெளிந்தது.

"முதலாளி, தொரை எங்க ஆலை மேட்டுல இதப் பின்பக்கமாத்தான் ஏத்துவாரு. தண்ணி போட்டுட்டு அப்படி ஓட்டுறாருன்னுல்ல நான் நெனச்சேன்! பின்பக்கமா ஏத்துனா தாங்கி மேல வந்துரும், எஞ்சின் கீழ போயிரும். பெட்ரோலு தானா எறங்கும்."

"பின்பக்கமாவா? பண்டாரவளைக் கடைவீதிக்குள்ளயா?" அலவியின் குரல் கீச்சிட்டது. மேட்டின் உச்சியில்தான் கடைவீதி. அங்கே அவரை அறியாத வியாபாரி கிடையாது. "ஊர் முழுக்கச் சிரிக்கும். வேணாம். திருப்பு, வீட்டுக்குப் போவம். இறக்கந்தானே, ஓடும்."

லரீபா மூட்டையைக் கையில் எடுத்தாள். காரின் கதவைத் திறந்து இறங்கினாள். முக்காட்டை இழுத்து விட்டாள். மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"எங்க போற?"

"கொஸ்லந்தைக்கு."

"நடந்தா? பைத்தியமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். இருபது வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததில் ஒரே ஒரு பிடியை எடுத்து வெளியே போட்டாள். "ஸகீனாவுக்கு நான் உம்மா. என்ட புள்ள கூப்பிட்டீக்கிது. நீங்க ஒங்கட வெளக்கக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்க."

அலவி கணக்குப் போட்டுப் பார்த்தார். கார் பின்புறமாகப் போனால் பண்டாரவளை ஒரு வாரம் சிரிக்கும். கார்க்கார முதலாளியின் மனைவி மூட்டையோடு நடந்து போனதை அது பேரன் காலம் வரைக்கும் சொல்லும்.

"அழகர்," என்றார் தளர்ந்த குரலில், "திருப்பு."

அப்படியாக பதுளை அலவி முதலாளியின் கார், சனிச் சந்தை நிரம்பி வழிந்த நேரத்தில், பின்புறத்தை முன்னால் நீட்டிக்கொண்டு பண்டாரவளைக் கடைவீதியில் ஏறியது. அழகர் கழுத்தைத் திருகி வழி பார்த்தான். முதலாளி வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆகவே அவருக்கு ஸலாம் சொன்னவர்கள் யார் என்பது, அவர்களைத் தாண்டிப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பதில் ஸலாம் எல்லாம் சிரிப்பின் நடுவே போய் விழுந்தது. ஹோட்டல் வாசலில் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார். லரீபா மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மைல் கற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மேடு வந்த இடமெல்லாம் திருப்பி ஏற்றினார்கள், இறக்கம் வந்த இடமெல்லாம் நேராக விட்டார்கள். பின்னேரம் கொஸ்லந்தைக்கு வந்து சேர்ந்தபோது ஸகீனா புருஷனுடைய கடை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ராத்தா" என்றாள். லரீபா இறங்கி ஓடி அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உள் அறையில் லரீபா தங்கையைச் சாய்த்துப் படுக்க வைத்து, வயிற்றில் கை வைத்தாள். வெளியே கடையில் அலவியின் குரல் ஓங்கிக் கேட்டது. ஸகீனாவின் புருஷனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"வீரசிங்கத்தாருக்கே புடிபடல்ல. நான்தான் ஒருநாள் யோசிச்சிப் பாத்த, தண்ணி எப்பிடி மேட்டுக்கு ஓடும் எண்டு..."

ஸகீனா தலையைத் தூக்கினாள். "மச்சானா கண்டுபுடிச்ச? மெய்யாவா ராத்தா?"

போய் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்ல லரீபாவுக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நேரம் பார்த்துக் கைக்குக் கீழே பிள்ளை ஓங்கி உதைத்தது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஓ, அவர்தான்" என்றாள்.