நாலு பேரிடம் ஒரு நம்பர்

வெளியூர் போகும்போது பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஆளுக்கொரு வழி வைத்திருப்பார்கள். சிலர் உள்பாவாடையில் பை தைப்பார்கள், சிலர் காலுறைக்குள் சொருகுவார்கள். என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த வழியை மட்டும் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்கு அவ்வளவு மூளையும் அவ்வளவு சந்தேகமும் ஒரே மண்டையில் இருக்க வேண்டும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கம்பி அறுந்தால் அடுத்தது தாங்க வேண்டும், அதுவும் அறுந்தால் பிரேக் பிடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க யோசிக்கிற தொழில். வீட்டுக்கு வந்தாலும் அந்த யோசனை விடாது. எங்கள் மாடி வீட்டுக்காரர் சுற்றுலா போன இடத்தில் எவனோ கத்தியைக் காட்ட, ஏடிஎம் கார்டையும் கொடுத்து, அதன் ரகசிய 'பின்' நம்பரையும் சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து இவருக்குத் தூக்கம் போய்விட்டது.

"கத்தியை வெச்சா யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்க. அதனால தெரியவே கூடாது. நம்ம யாருக்குமே முழுசாத் தெரியாத நம்பரை எவன் வந்து புடுங்க முடியும்?" என்றார்.

விஷயம் இதுதான். வீட்டில் நாங்கள் நாலு பேர். பின் நம்பரிலும் நாலு இலக்கம். முதல் இலக்கம் அவருக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது அவர் தம்பிக்கு, நாலாவது எங்கள் மகளுக்கு. அவரவர் இலக்கத்தை அவரவரே மனதுக்குள் தேர்ந்துகொள்ள வேண்டும், செத்தாலும் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. திருடன் வந்தால் எங்கள் நாலு பேரையும் மொத்தமாகக் கடத்தினால்தான் உண்டு. "அவ்ளோ பெரிய வண்டி எந்தத் திருடன்கிட்ட இருக்கு?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

புது நம்பர் போட ஏடிஎம்முக்குப் போனோம். ஒருவர் அமுக்கும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். இரண்டு தடவை போட வேண்டும் என்று மெஷின் கேட்டதால் இரண்டு தடவையும் அப்படியே சுழன்றோம். காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவசரமாக மூடிவிட்டார். மெதுவாக அமுக்கினால் மெஷின் கார்டைத் துப்பிவிடுகிறது என்பதால், பழைய கால்குலேட்டரை வைத்து வீட்டில் பயிற்சி வேறு நடந்தது.

அப்புறம் கிளம்பினோம். கையில் சில்லறைக்கு மேல் காசு கிடையாது, எல்லாம் கார்டில்தான். முதல் நாள் ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறுகிறவர் கார்டு மெஷினை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் ஒன்றை அமுக்கி என்னிடம் தள்ள, நான் ஒன்றை அமுக்கி என் கொழுந்தனிடம் தள்ள, அவர் அமுக்கி நிமிர்ந்தால் மகளைக் காணோம். அவள் கை கழுவப் போயிருந்தாள். பரிமாறுகிறவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கழிவறை வாசலுக்கு ஓடினார். கதவிடுக்கில் ஒரு சின்னக் கை வந்து நாலாவது இலக்கத்தை அமுக்கியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். என்னவருக்கோ பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? இப்ப எவன் திருடுவான்?"

திருடனை நிறுத்தியாயிற்று. வீட்டு ஆட்களை யார் நிறுத்துவது? யார் ஒருவர் விரலை மடக்கிக்கொண்டாலும் காசு நகராது என்று முதலில் கண்டுபிடித்தது எங்கள் மகள், அந்த வாலுதான். கடைத்தெருவில் நின்று, "எனக்குத் தொப்பி வாங்கினாதான் என் நம்பர்" என்றாள். தொப்பி வந்தது. எனக்கும் புத்தி வந்தது. காலைக் கடிக்கிற செருப்போடு இனி ஒரு தெரு நடக்கமாட்டேன் என்று விரலை மடக்கினேன், நல்ல தோல் செருப்பு கிடைத்தது. என் வாழ்க்கையில் என் சொல் இவ்வளவு வேகமாக எடுபட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் முதல் இலக்கத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுத்தார். அது பழையபடிதான்.

ஒருதடவைகூட விரலை மடக்காதவர் கொழுந்தன் மட்டும்தான். அவர் தன் அண்ணனோடேதான் வேலைக்குப் போகிறார். வேலை என்றால், அண்ணனின் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, பிறகு பெட்டியைத் துடைத்து வைப்பது. தொழில் முழுக்கத் தெரியும். ஆனால் ஸ்பேனரை அண்ணன் விட்டால்தானே தம்பி பிடிப்பதற்கு. வீட்டிலும் அப்படித்தான், வரிசையில் நிற்க, மூட்டை தூக்க, முன்கூட்டியே போய் இடம் பிடிக்க அவர். அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. நானும்தான்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மாலை ஒரு கருவிக் கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு இரும்புப் பெட்டி, திறந்தால் தட்டுத் தட்டாக விரிகிறது. ஸ்பேனர், பிளையர், டெஸ்டர் எல்லாம் தனித்தனிக் குழியில் படுத்திருந்தன.

"அண்ணா, இது ஒண்ணு வாங்கிக்கலாமா?"

"நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கேடா."

"அது உன்னோடது."

"ரெண்டு பேருக்கு ஒரு பெட்டி போதாதா?"

கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் தனியா வேலை எடுத்துப் பாக்கலாம்னு இருக்கேண்ணா."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் எனக்குப் பயமில்லை, கத்தி முடித்து அடங்கிவிடுவார். இது கோபம் இல்லை. பயந்துபோயிருந்தார். அதை மறைக்கத் தெரியாமல், "முதல் நம்பர் என்கிட்ட இருக்கு. நான் போடமாட்டேன்" என்றார்.

"அப்போ என்னோட மூணாவது நம்பர் மட்டும் உனக்கு எதுக்கு?" என்றார் தம்பி. மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆள் இல்லை.

பிற்பகலில் ரயில். அதற்கு முன் ஹோட்டல் கணக்கைத் தீர்த்தால்தான் பெட்டிகளை வெளியே விடுவார்கள். வரவேற்பு மேசைக்காரி மெஷினை எடுத்து வைத்தாள். அவர் முதலாவதை அமுக்கினார், நான் இரண்டாவதை அமுக்கினேன். அதோடு நின்றோம். மெஷின் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே அணைந்தது.

"இன்னொருத்தர் வரணும்" என்றேன்.

"கையெழுத்துப் போடவா?" என்றாள்.

"இல்லம்மா, மூணாவது இலக்கம் போட."

எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்திருப்பாள் போல. "அவரு எப்ப வருவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியவில்லை. போனை அணைத்து வைத்திருந்தார். ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டே வந்தது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் காசு வராத வகை, மலிவு என்று என் வீட்டுக்காரர்தான் தேடிப் பிடித்து வாங்கியது. கீழே கிடக்கிற ஒற்றைக் காசைக்கூடத் தாண்டிப் போகாத மனிதர் இவர். நாலு டிக்கெட் போனால் நெஞ்சு வெடித்துவிடுமே என்று எனக்குக் கவலை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கொழுந்தனின் இலக்கம் ஏழு. எனக்குத் தெரியும். திரும்பி நில் என்றால் திரும்பி நிற்பேன், ஆனால் ஏடிஎம் சுவரில் ஒட்டியிருந்த எவர்சில்வர் தகட்டில் எல்லாம் தெரிந்தால் கண்ணையா பிடுங்கிக்கொள்ள முடியும்? எல்லோருடையதும் எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் எட்டிப் பார்த்தது தெரிந்துவிடும், அதோடு என் விரலுக்கு வந்த மவுசும் போய்விடும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, சித்தப்பாவோட நம்பர்..." என்று வாலு ஆரம்பித்தாள். இவளுக்குமா! நறுக்கென்று தொடையில் கிள்ளினேன்.

"ஏதாவது போட்டுத்தான் பாருங்களேன்" என்றேன் அவரிடம். மூன்று தடவை தப்பாகப் போட்டால் கார்டு முடங்கிவிடும். அதற்குள் எப்படியாவது ஏழுக்கு வந்துவிட மாட்டாரா என்று ஓர் ஆசை.

முதல் தடவை, நாங்கள் மூவரும் எங்கள் இலக்கங்களைப் போட, மூன்றாவது இலக்கத்துக்கு அவர் ஐந்தை அமுக்கினார். தப்பு. இரண்டாவது தடவை அவர் விரல் நேராக ஏழுக்கு மேல் போய் நின்றது. பிறகு நகர்ந்து ஒன்பதை அமுக்கியது. அதுவும் தப்பு. "அவன் மனசுல என்ன நம்பர் இருக்குன்னு யாருக்குத் தெரியும்" என்று மேசைக்காரிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்து காதோடு கேட்டேன். "உங்களுக்கும் தெரியும்தானே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சா? நான் போட்டுட்டா, அவன் இல்லாமலே நமக்கு எல்லாம் நடக்கும்னு ஆயிடும். அப்புறம் அவன் எந்த மூஞ்சியோட திரும்பி வருவான்? சும்மா இரு."

ரயில் போய்விட்டது. போன நேரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். கல்யாணம் ஆனதிலிருந்து எத்தனையோ தடவை இந்த மனிதரோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று நினைத்திருக்கிறேன். அந்த நாற்காலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அப்படி நினைக்கவில்லை. அழுகை வந்தது.

வெளிச்சம் மங்கும்போது கொழுந்தன் வந்தார். பட்டினியில் முகம் வாடியிருந்தது. எங்களையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரயில் போயிடுச்சா?"

"போயிடுச்சு. உன் நம்பர் இல்லாம எப்படிடா போறது?" என்று சீறினார் அண்ணன்.

மெஷின் வந்தது, நாலு பேரும் வரிசையாக அமுக்கினோம். அந்த இரவுக்கும் சேர்த்து அறை வாடகை போயிற்று. ரொட்டியும் முட்டையும் வரவழைத்து வாலு சித்தப்பாவுக்கு ஊட்டாத குறையாகத் தட்டில் தள்ளினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து, "எல்லாரும் வாங்க" என்றார்.

எங்கே என்று சொல்லவில்லை. கருவிக் கடையில் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனார், நாங்களும் குனிந்து போனோம். சிவப்புப் பெட்டியைக் காட்டி, ஒவ்வொரு தட்டாகத் திறந்து, ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துக் கையில் எடை பார்த்தார். ஒரு டெஸ்டர் சரியில்லை என்று மாற்றச் சொன்னார். இதை வாங்கினால் தம்பி தனியாகப் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்காரர் மெஷினை நீட்டினார். அவர் தன் இலக்கத்தை அமுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் மெஷின் அணைந்துவிடுமோ என்று பயந்தேன். அமுக்கினார். நானும் அமுக்கித் தள்ளினேன்.

கொழுந்தன் தொடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"நீயே போடுண்ணா. நேத்து வரைக்கும் நான் அமுக்குறப்போ எல்லாம் நீ பாத்துட்டுதானே இருந்த. என் நம்பர் உனக்குத் தெரியும்."

என் வீட்டுக்காரர் மெஷினைத் தம்பி பக்கம் திருப்பி வைத்தார்.

"எனக்கு எப்படிடா தெரியும்?" என்றார். "உன்னோடதை நீதான் போடணும். சீக்கிரம் போடு, அணைஞ்சிடும்."