முழுக்கை

பெயிண்ட் வியாபாரிகளின் வீட்டுப் பெண்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் முழுக்கை. தார் உருகுகிற வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய சட்டையில் வந்து நிற்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? "வெயில் பட்டா எனக்குத் தோல் சிவந்துடும்" என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்திருந்தாள். தோல் சிவந்தது உண்மை. வெயில்தான் பொய்.

கணவர் பெயிண்ட் கடைக்காரர். அவள் அவரை எங்கேயும் 'அவர்' என்றுதான் சொல்வாள். அதனால் இந்தக் கதையிலும் இப்போதைக்கு அவர் 'அவர்' ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும். கடையில் அவரைப் போலத் தங்கமான மனிதர் கிடையாது. ஒரு பிரஷ் வாங்க வந்தவருக்கும் விசிறியைத் திருப்பி வைத்து, உட்காரச் சொல்லி, குடும்பத்தை விசாரித்து அனுப்புவார். வீட்டுக்குள் வந்தால் கை நீளும். கோபத்தில் கண்மண் தெரியாமல் அடிக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணும் தெரியும், மண்ணும் தெரியும், மறுநாள் அவள் என்ன உடுத்துவாள் என்பதும் தெரியும். கழுத்துக்கு மேலேயோ மணிக்கட்டுக்குக் கீழேயோ ஒரு நாளும் பட்டதில்லை. துணி மூடுகிற இடத்தில்தான் அவருடைய வீரமெல்லாம்.

அந்த வருடம் எல்லாரையும்விட அதிகமாக பெயிண்ட் விற்றவர் அவர். கம்பெனி தன் நல்ல வியாபாரிகளைக் குடும்பத்தோடு கப்பலில் ஏற்றி உல்லாசப் பயணம் அனுப்பியது. கம்பெனி மேனேஜரும் கூட வந்தார். அவளுக்கும் அவருக்கும் அதுதான் முதல் கப்பல்.

என்னென்ன உடுப்பு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அதை அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். பகலில் எது வேண்டுமானாலும் போடலாம். ஒரு மாலை மட்டும் பெரிய விருந்து. ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்கு நீளக் கவுன், இல்லாவிட்டால் கூடத்துக்குள் விடமாட்டார்கள். அந்த விருந்தில்தான் அவருக்குக் கேடயம் தருவதாக இருந்தது. அவரே துணிக்கடைக்குப் போய், கழுத்தை ஒட்டிய காலரும் முழுக்கையும் வைத்த கருநீலக் கவுன் ஒன்றைத் தேடி எடுத்தார். "இவ்ளோ அக்கறையாப் பார்த்து வாங்குற வீட்டுக்காரர் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றாள் கடைப் பெண். அக்கா தலையை ஆட்டி வைத்தாள்.

கப்பலில் கையில் காசு புழங்கவில்லை, எல்லாம் ஒரு கார்டுதான். சாப்பாடு சும்மா, படுக்கை சும்மா, பால்கனியில் நின்று பார்த்தால் கடல் சும்மா. மிச்சத்துக்கெல்லாம் தனிக் காசு. குளிர்பானத்துக்கு, துணி துவைக்க, இஸ்திரி போட, போட்டோ வாங்க என்று கார்டைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கார்டு அவர் கழுத்தில் தொங்கியது.

"என்னைக் கேக்காம இந்த ரூம்ல ஒரு பொருளைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றார் முதல் நாளே.

அவளும் தொடாமல்தான் இருந்தாள். ஆனால் மேசைமேல் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. தண்ணீருக்குக் கூடவா காசு என்று எண்ணி மறுநாள் அதைத் திறந்து குடித்துவிட்டாள். பாட்டிலின் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையில்தான் விலை போட்டிருந்தது. அவர் வந்து அட்டையைப் படித்தார், காலி பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தார். காலி பாட்டிலால் அடித்தால் வலிக்காது. குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்து, நிதானமாக அதை நிரப்பி, மூடியை இறுக்கித் திருகிக்கொண்டு வந்தார். அவள் சுவரோடு ஒட்டினாள். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, விலையைச் சொல்லிச் சொல்லி அவளுடைய தோள்பட்டையிலும் புஜத்திலும் இறக்கினார். முகத்தைக் காக்க அவள் கையைத் தூக்கியபோது, "மூஞ்சியை யாருடி தொட்டா?" என்று அதற்கும் ஒன்று விழுந்தது.

விருந்து நாள் வந்தது. பெட்டியிலிருந்து எடுத்த கவுன் பிழிந்து போட்ட துணி மாதிரி கசங்கிக் கிடந்தது. காலையில் அறையைக் கூட்ட வந்தவர், "இஸ்திரிக்குக் குடுக்கணுமா மேடம்?" என்று கேட்டார். கசங்கிய கவுனோடு மேடை ஏறினாலும் அடிதான் என்று கணக்குப் போட்டு அவள் கொடுத்துவிட்டாள். மாலையில் கவுன் மொடமொடவென்று திரும்பி வந்தது, கையோடு இஸ்திரிக் கூலிச் சீட்டும் வந்தது.

அவர் சீட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"இல்லங்க, கசங்கிப்போயிருந்துச்சு, மேடையில உங்களுக்குத்தானே—"

வயிற்றில் முழங்காலால் ஒரு இடி. அவள் மடங்கிக் கட்டிலில் விழுந்தாள். எழுந்தபோது கன்றிய புஜத்திலேயே மறுபடியும் குத்தினார். அவள் கவுனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டாள். "அதைக் குடு, கசக்காதே!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையைத்தான் பிடித்ததாக நினைத்தார், பிடித்தது கவுனின் கையை. தோள் தையல் பர்ரென்று கிழிந்து முழுக்கை முழுசாக அவரிடம் வந்துவிட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து வாங்கிய கையல்லவா!

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சொந்தக் கோட்டு தொப்பையைத் தாண்டி மூட மறுத்ததால் கப்பல் கடையில் ஒரு கோட்டு வாடகைக்குச் சொல்லி வைத்திருந்தார், அதை வாங்கப் போக வேண்டும். அதற்கும் கார்டுதான், ஆனால் அந்தச் செலவுக்கு யாரும் யாரையும் அடிக்கவில்லை.

"தைக்கிறதுன்னா தைச்சுக்கோ, இல்லன்னா சால்வையைப் போத்திக்கோ. எவன் கண்ணுலயும் உன் கை படக் கூடாது." பால்கனிக் கதவைத் திறந்து, அவளுடைய பின்னங்கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, கம்பிக்கு மேலே தலை தொங்கும்படி அழுத்தினார். வெகு கீழே தண்ணீர் கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடியது. "பட்டுச்சுன்னா, ராத்திரி நீ இந்த வழியாத்தான் போவே. வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லி நானே அழுவேன்."

சொல்லிவிட்டுத் தலையை வாரிக்கொண்டு போனார்.

அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அவர் கத்திச் சொன்னதெல்லாம் மிரட்டல். இதை அவர் கத்தாமல் சொன்னார். கடையில் எந்தச் சுவருக்கு எந்த பெயிண்ட் என்று சொல்கிற அதே குரல். இந்த அறைக்கு அவரோடு திரும்பி வந்தால் செத்தோம் என்று அவளுக்கு உறைத்தது.

இழுப்பறையில் ஊசி, நூல், விரலளவு கத்தரி என்று ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. விலை அட்டை எதுவும் இல்லை. நூலைக் கோத்து, கிழிந்த கையைத் தோளில் பொருத்தி ஊசியை ஏற்றினாள். அப்புறம் யோசித்தாள். தைத்துக்கொண்டு போவாள், கைதட்டுவார்கள், கேடயம் கொடுப்பார்கள், அப்புறம்? இந்த அறை, இந்தக் கதவு, இஸ்திரிச் சீட்டின் பாக்கி. தைத்தாலும் தைக்காவிட்டாலும் அந்தக் கம்பி அங்கேயேதான் இருக்கப்போகிறது.

கத்தரியை எடுத்து மற்றக் கையையும் வெட்டிப் போட்டாள். ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பழையது மஞ்சள், போன வாரத்தது பச்சை, பாட்டில் பட்டது ஊதா, இன்றையது சிவப்பு. அவர் கடையில் தொங்குகிற நிற அட்டை மாதிரியே இருந்தது. சால்வையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

விருந்துக் கூடத்துக்கு வெளியே படிக்கட்டில் போட்டோக்காரப் பெண் நின்று வருகிறவர்களை எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கேமராவை இறக்கினாள்.

"மேடம்... போத்திக்க ஏதாவது எடுத்துட்டு வரீங்களா? நான் காத்திருக்கேன்."

"எடுக்கக் காசு உண்டாம்மா?"

"இல்ல மேடம், வாங்கினாத்தான் காசு."

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க?"

"உடனே பிரிண்ட் போட்டு, கூடத்து வாசல்ல பலகை முழுக்க மாட்டிடுவோம். சாப்பிட்டு வெளிய வரும்போது எல்லாரும் பார்ப்பாங்க."

"அப்ப எடு. கை நல்லாத் தெரியணும்."

அந்தப் பெண் அவள் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். படியில் எடுத்தாள், பியானோ பக்கத்தில் எடுத்தாள், அலங்காரச் சுக்கான் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி எடுத்தாள். சக்கரத்தைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அக்குள் வரை எல்லாம் தெரிந்தது.

அப்போதுதான் அவர் வாடகைக் கோட்டில் மேனேஜரோடு வந்து சேர்ந்தார். மனைவியின் கையைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"ஜோடியா ஒண்ணு எடுத்துக்குங்க சார்!" என்று மேனேஜர் முதுகில் தட்டித் தள்ளினார். அவர் பல்லைக் காட்டியபடி வந்து அவளுடைய புஜத்தைப் பிடித்தார். இருந்த தடங்களின் மேலேயே விரல்கள் போய் உட்கார்ந்தன. செருப்புக்குள் கால் நுழைகிற மாதிரி அளவு சரியாக இருந்தது. நசுக்கினார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"ரூமுக்கு வா" என்றார் உதடு அசையாமல். "உன்னை மீனுக்குப் போடறேன்."

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

விருந்தில் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவரவர் தட்டில் அப்படி என்னதான் கண்டார்களோ, தலை நிமிரவில்லை. நல்லவர்கள், வம்பு தும்புக்குப் போகாதவர்கள். இந்த மாதிரி நல்லவர்களை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய கடை அக்கா மட்டும் மெல்வதை நிறுத்தினாள். தனியாகக் கடை நடத்துகிற ஆகிருதியான பெண்மணி அவள். முழுக்கை என்று முதலில் பெயர் வைத்ததும் அவள்தான்.

"கையில என்ன இது?" என்றாள்.

"படியில விழுந்துட்டா" என்றார் அவர். "கப்பல் ஆடுதில்ல?" மேனேஜர் சிரித்தார். மேசைக்கு அடியில் கணவருடைய பூட்ஸ் குதிகால் அவளுடைய கால்விரல்களின் மேல் ஏறி, சிகரெட்டை அணைப்பதுபோலத் திருகியது. ஒரு நகம் பெயர்ந்தது. அவள் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். கேடயம் கொடுத்தார்கள். கண்ணாடியும் பித்தளையும் சேர்ந்து கனமாகத்தான் இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் வெளியே வந்தது. வாசலில் பலகை.

பலகை நிறைய அவளுடைய கைகள். நடுவில், மற்றதைவிடப் பெரியதாக, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஜோடிப் படம். சிரிக்கிற முகம், தடங்களின் மேல் அச்சாகப் பொருந்திய ஐந்து விரல். தட்டைப் பார்த்துத் தலை குனிந்தவர்களுக்கு இங்கே குனிந்து பார்க்கத் தட்டு இல்லை.

"இது படி இல்லியே" என்றாள் பெரிய கடை அக்கா உரக்க.

அவர் கேடயத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு மடமடவென்று படங்களைப் பிய்த்தார்.

"சார், பலகையிலேர்ந்து எடுத்தா வாங்கணும்" என்றாள் போட்டோக்காரப் பெண்.

"வாங்கறேன்! எல்லாத்தையும் கார்டுல போடு!"

"சரி சார். ஆனா வித்ததுக்குப் பதிலா வேற பிரிண்ட் மாட்டுவோம். கப்பல் கரை சேர்ற வரைக்கும் பலகை காலியா இருக்கக் கூடாது." அப்படி ஒரு விதி நிஜமாகவே இருந்ததா என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் வெளிச்சம்.

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் நகரவில்லை. "எக்ஸ்ட்ரா செலவு ஆகுதுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையிலேயே கண்மண் தெரியாமல் போயிற்று. முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து ஒரு பல் தரையில் தெறித்தது. தலைமுடியைப் பிடித்து முகத்தைப் பலகையில் மோதினார். ஜோடிப் படத்தின் சட்டம் நொறுங்கி விழ, கண்ணாடிச் சில்லு நெற்றியைக் கீறியது. விழுந்தவளை விலாவில் மிதித்தார், மறுபடியும் மிதித்தார். வாடகைக் கோட்டின் தோள் பர்ரென்று கிழிந்தது. "சார், சார்" என்றார் மேனேஜர், பின்னால் நகர்ந்துகொண்டே.

பெரிய கடை அக்கா கேடயத்தை இரண்டு கையாலும் தூக்கி அவர் காதோடு சேர்த்துப் போட்டாள். பொத்தென்று முட்டி போட்டார். "இதுக்குப் பேரு கப்பல் ஆட்டம்டா!" என்று இன்னொன்று போட்டாள். மூக்கு உடைந்து ரத்தம் கோட்டில் கொட்டியது. அதற்குள் காவலர்கள் ஓடிவந்து அவர் கையை முறுக்கிக் கட்டி, கப்பலின் அடித்தட்டில் இருக்கிற ஜன்னலில்லாத அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிய கடை அக்கா தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டு, "தெரியாமப் போச்சேடி, கிண்டல் பண்ணிட்டேனேடி" என்று வாய்விட்டு அழுதாள்.

தையல் போட்டு, வாயில் பஞ்சை அடைத்து அனுப்பினார் டாக்டர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அதிகாரி ஒரு புது அறையின் சாவியை எடுத்து வைத்தார். பால்கனி இல்லாத அறை, அவளே கேட்டு வாங்கியது.

"கரை சேர்ந்ததும் அவரைப் போலீஸ்ல ஒப்படைச்சிடுவோம் மேடம். இந்த ரூமுக்கு உங்களைத் தவிர யார்கிட்டயும் சாவி கிடையாது. வேற ஏதாவது வேணுமா?"

"தண்ணி" என்றாள் பஞ்சை ஒதுக்கிக்கொண்டு.

"ரூம்ல பாட்டில் இருக்கு மேடம். ஆனா அது..." அதிகாரி சங்கடத்தோடு இழுத்தார். "எக்ஸ்ட்ரா. யார் கணக்குல எழுதட்டும்?"

'அவர்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல் போன இடத்தை நாக்கு தடவிப் பார்த்தது.

"அவன் கணக்குல எழுதுங்க" என்றாள்.