திரை போட்ட அறைக்கு ஒரு செடி

சூர்யநாராயணன் செடியை மறுபடியும் மாற்றிவிட்டார் என்பது விடிந்ததுமே திரிபுரசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் பதினோரு இலை, இன்று பதிமூன்று. மூன்றாவது இலையின் விளிம்பில் இருந்த கிழிசலையும் காணோம். தாம்பரத்தில் முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம், கட்டின புருஷன் இப்படித் தப்புக்கணக்குப் போட்டால் தெரியாமலா போகும்? ஆனாலும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நோய் வந்து நாலு வருஷம். நரம்பைச் சுற்றியிருக்கும் உறை அரிபட்டுக்கொண்டே போகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். முதலில் கால் மரத்தது. பிறகு கை நடுங்கியது. போன வருஷம் வலது கண் மங்கிப்போயிற்று. உடம்பில் சூடு ஏறினால் எல்லாமே மோசமாகும். வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் ஊசி குத்தும். அதனால் சிட்லபாக்கம் வீட்டின் பின்னறையில் கனத்த திரை போட்டு, இருபது டிகிரியில் ஏசி நாள் முழுக்க ஓடியது.

சூர்யநாராயணனுக்கோ இளைப்பு நோய். ஏசிக் காற்றில் பத்து நிமிஷம் நின்றால் மார்பு அடைத்துக்கொள்ளும். மாத்திரை கொடுப்பார், முகம் துடைத்துவிடுவார், கதவருகே நின்று நாலு வார்த்தை பேசுவார், இருமிக்கொண்டே வெளியே போய்விடுவார்.

"உயிரோட ஏதாவது ஒண்ணு இந்த ரூம்ல இருந்தா தேவலை" என்று ஆவணியில் ஒரு நாள் அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். மறுநாளே ரோஜாத்தொட்டி வந்தது. ஒன்பதாம் நாள் மொட்டெல்லாம் கருகி உதிர்ந்தது. அடுத்து வந்த குரோட்டன்ஸ் தினம் இரண்டு இலையாகக் கொட்டிவிட்டுக் குச்சியாய் நின்றது. மூன்றாவது, வெள்ளைப் பூப் பூக்கும் பீஸ் லில்லி. அது மஞ்சளாகத் தொடங்கியதும்தான், அவள் தூங்குகிற நேரம் பார்த்து வேறு ஒன்றைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார். இதோடு மூன்று தடவை ஆயிற்று.

செடி சாவதைப் பார்த்து அவள் தன் நாளை எண்ணுவாள் என்று அவருக்குப் பயம். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த முறை, பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் நர்சரி வைத்திருந்த கங்கம்மாவே நேரில் வந்துவிட்டாள். சூர்யநாராயணன் மருந்துக்கடைக்குப் போயிருந்தார். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"அம்மா, நர்சரிலேர்ந்து வர்றேன். சாரு ஒரே செடியைத் திரும்பத் திரும்பக் கேட்டுகினு கீறாரு. அப்டி இன்னாதான் ரூமு அதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"உள்ள வாங்க. லைட்டை மட்டும் போட்டுடாதீங்க."

கண் பழகும்வரை கங்கம்மா அசையாமல் நின்றாள். பிறகு வெளிச்சம் எவ்வளவு என்று அறிய வெள்ளைப் படுக்கை விரிப்பின் மேல் கையை நீட்டிப் பார்த்தாள். "நெழலே வுழலியே!" என்றாள். தொட்டிக்குள் விரலை விட்டாள். செடியைப் பிடித்து மெல்ல இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தது. வேரெல்லாம் பழுப்பாகக் கூழாகியிருந்தது. அழுகிய வெங்காய நெடி அறையில் பரவியது.

"தண்ணி யாரும்மா ஊத்தறது?"

"அவர்தான். காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு."

"அதான். இருட்டு சாவடிக்கல, தண்ணிதான் சாவடிச்சிகீது. வெயிலு இல்லாத ஜில்லுனு கீற ரூமுல செடி எங்க தண்ணி குடிக்கும்? மண்ணு காயாது. வேரு ஊறிப் பூடும்."

"அப்போ இந்த ரூமுக்கு எது சரிவரும்?"

"பூச்செடி வாணாம். வெள்ளைக் கோடு போட்ட எலையும் வாணாம், அதுக்கு வெளிச்சம் பத்தாது. பாம்புச்செடி வெக்கலாம். இல்லாங்காட்டி ஸீஸீன்னு ஒண்ணு கீது. அடில கெழங்கு, தண்ணியை அதுலயே புடிச்சி வெச்சிக்கும். மாசத்துக்கு ஒரு தபா ஊத்துனா போதும். ஏசி காத்து நேரா அடிக்காத மூலையில வெச்சிரணும்."

"வளருமா?"

கங்கம்மா விரலில் ஒட்டிய மண்ணைத் துடைத்தாள். "அவ்ளோவா வளராதும்மா. சாவாம இருக்கும். அவ்ளோதான்."

திரிபுரசுந்தரி சிரித்துவிட்டாள். "அது போதும். அதையே கொண்டுவாங்க."

சாயங்காலம் சூர்யநாராயணன் வழக்கம்போலச் சொம்போடு உள்ளே வந்தார். மூலையில் தொட்டி வெறுமையாக இருந்தது.

"நர்சரி அம்மா வந்துட்டுப் போனா" என்றாள். "வேர் அழுகிப்போச்சாம். மூணு தடவை மாத்தினது எனக்குத் தெரியும்."

"நான் வேற என்ன பண்றது, சுந்தரி? ஊசி போட நர்ஸ் வரா. கால் பிடிச்சுவிட இன்னொருத்தர் வரார். என்னால இங்க பத்து நிமிஷம் நிக்க முடியலை. தண்ணியாவது ஊத்தலாமேன்னு..."

"செடியை மாத்தலாம். என்னை மாத்தி வைக்க முடியாது. நான் போறதை நீங்க பார்த்துதான் ஆகணும்."

சொன்ன பிறகுதான் அதன் கொடூரம் அவளுக்கே உறைத்தது. அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. எட்டித் தொட அவள் கை வரவில்லை.

ஸீஸீ வந்தது. ஐப்பசி மழையில் அவளுக்கு மறுபடியும் நோய் முற்றி, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பினாள். திரும்பியபோது இடது கண்ணும் போயிருந்தது.

"செடி எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. புதுசா ஒண்ணும் வரலை" என்றார். அவர் உண்மையைச் சொன்னது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மறுநாள் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கம்பளி வாசனை. சென்னையில் எங்கே போய் வாங்கினாரோ, ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"முடியற வரைக்கும்."

நாற்பது நிமிஷத்தில் இளைப்பு கண்டது. வெளியே போய் மருந்தை உறிஞ்சிக்கொண்டு, மூச்சு சீரானதும் திரும்பி வந்தார். கார்த்திகை, மார்கழி முழுக்க அப்படித்தான். தையில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி வேண்டவே வேண்டாம் என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் அந்த இருட்டறையில் இரண்டு பேரின் திணறும் மூச்சும் மாறி மாறிக் கேட்டது. நாலாம் நாள் காலையில் அவருடையது மட்டும்தான் கேட்டது.