பெரிய மீனுக்கான நூல்

மௌனம் ஆழமானது என்று சிவநேசன் நெடுங்காலமாக நம்பிவந்தான். அதனால் அவன் வடிவமைத்த ஆண்டெனா சோதனை மேசையில் அசையாமல் கிடந்தபோது, முதலில் அதன்மேல் அவனுக்கு ஒரு மரியாதைகூட வந்தது.

பக்கத்தில் நின்ற குழுத் தலைவி ஹமீதாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

"இது திறக்கலைன்னா மேல போற சாட்டிலைட் ஊமைதான்லா, சிவா. வெள்ளிக்கிழமை கடைசி சோதனை. அதுலயும் திறக்கலைன்னா வெளிநாட்டு ஆண்டெனா வாங்கிடுவாங்க. உங்களுது ஷோகேஸ்ல நிக்கும்."

அவர்களுடைய செயற்கைக்கோள் ஒரு ரொட்டி டப்பா அளவுதான். அளவு நாடா போன்ற நான்கு எஃகுப் பட்டைகளே ஆண்டெனா. ராக்கெட்டுக்குள் அவை மடங்கி, ஒரு நூலால் கட்டப்பட்டிருக்கும். விண்வெளிக்குப் போனதும் ஒரு சின்னக் கம்பி சூடாகி நூலை அறுக்கும், பட்டைகள் விரியும். இன்று கம்பி சிவக்கச் சிவக்கக் காய்ந்தது. நூல் அறவில்லை.

பட்டைகளின் நீளத்துக்காக மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவன், நூலை மட்டும் போகிற வழியில் ஒரு தூண்டில் கடையில் வாங்கியிருந்தான்.

படகுத்துறைக்கு வந்து கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். மனிதனைக் கட்டிவைத்திருக்கும் அறாத இழைகளைப் பற்றி நீண்ட நேரம் சிந்தித்தான். சிந்தனை உயரமாகத்தான் போயிற்று. பாதி வழியில்தான் தூண்டில் கடைப் பேச்சு நினைவுக்கு வந்தது.

"என்னா மீனு தம்பி?" என்று கேட்டிருந்தார் கடைக்காரர் அய்யாக்கண்ணு.

சிவநேசன் பதில் சொல்லவில்லை. விண்வெளியை ஒரு தூண்டில் கடைக்காரரிடம் எப்படி விளக்குவது?

"பெரிய மீனா?"

அவன் ராக்கெட்டை நினைத்து, மர்மமாகச் சிரித்துத் தலையாட்டினான். "அறுந்துடக் கூடாதுண்ணே." அவ்வளவுதான் அன்றைய முழுப் பேச்சும்.

எழுந்து நேராகக் கடைக்குப் போனான்.

"அண்ணே, அன்னிக்குக் கொடுத்த நூலு அறுக்கவே முடியல."

"அதுக்குத்தானே கொடுத்தேன்! கெவ்லாருலா அது. மீனு மாட்டுச்சா?"

கெவ்லார்! தீயணைப்பவர் சட்டைக்குப் போடும் நூல். கல்லூரியில் அதைப் பற்றி ஒரு பரீட்சையே எழுதியிருக்கிறான். வழக்கமான மௌனம் தொண்டை வரை வந்தது, விழுங்கிக்கொண்டான். பிறகு ராக்கெட், அது கிளம்பும்போது வரும் குலுக்கல், பட்டைகள், சூட்டுக்கம்பி என்று எல்லாவற்றையும் சொன்னான். பேசிப் பழக்கமில்லாததால் நடுவில் மூச்சு வாங்கியது.

அய்யாக்கண்ணு மோவாயைச் சொறிந்தார். "அறுந்துடவும் கூடாது, அறுந்துடவும் வேணும். என் சம்சாரம் இப்படித்தான் பேசும். இத அன்னிக்கே வாயத் தொறந்து சொன்னா என்னாவாம்?"

கல்லாவுக்குப் பக்கத்தில் அவன் பையிலிருந்த கம்பியும் பேட்டரியும் வெளியே வந்தன. கடையிலிருந்த ஒவ்வொரு வகை நூலிலும் ஈயக்குண்டைத் தொங்கவிட்டார்கள். தூண்டிலில் மாட்ட இறால் வாங்க வந்தவர்கள் வாங்காமல் நின்றார்கள்.

"பச்சைதான் மொதல்ல போவும்."

"சும்மா இருலா, வெள்ளையப் பாரு."

"ராக்கெட்டு இப்படித்தானே ஆட்டும்?" என்று அய்யாக்கண்ணு நூலைப் பிடித்து உலுக்கினார். ஒரு குண்டு அவர் காலிலேயே விழுந்தது. அந்த நூல் கழிக்கப்பட்டது. எவ்வளவு உலுக்கியும் தாங்கி, கம்பி சுட்டதும் பட்டென்று விட்டது ஒரு சாதாரண நைலான்.

வெள்ளிக்கிழமை அதிர்வு மேசை ஆண்டெனாவைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கியது. நைலான் தாங்கியது. பிறகு கம்பி சூடேறியது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த சிவநேசனின் கண்ணாடியைத் தட்டி எறிந்துவிட்டு நான்கு பட்டைகளும் விரிந்தன.

"உங்களுதுதான் மேல போவுது, சிவா!" என்று ஹமீதா கைதட்டினாள்.

அந்த நேரத்துக்குப் பொருத்தமாக ஆழ்ந்து மௌனமாக இருக்கத்தான் நினைத்தான். ஆனால் கை தானாகப் போனை எடுத்துத் தூண்டில் கடை எண்ணை அழுத்திவிட்டது.

"அண்ணே, தொறந்துருச்சு!"

"எது? யாரு பேசறது?"

"நான்தாண்ணே. நூலு வாங்கினேனே."

"இங்க வர்றவங்க எல்லாம் நூலுதான்லா வாங்குறாங்க. பேரு கீரு இல்லையா உங்களுக்கு?"

சிவநேசன் பெயரைச் சொன்னான். பிறகு யாரும் கேட்காமலேயே, குலுக்கலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.